இரண்டாம் முறை செய்யாதவர்

அரசுப் பணியில் இருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவருடைய பணிப்பதிவேட்டை எடுக்க வேண்டும். பிறந்த தேதி, அங்க அடையாளம், தகப்பனார் பெயர், வாரிசு நியமனம், எடுத்த விடுப்பு, வாங்கிய தண்டனை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒரு மனிதரை அறிய அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற நம்பிக்கையிலேயே முப்பத்து நான்கு ஆண்டுகளை ஓட்டினேன். நான் இப்போது எழுத உட்கார்ந்திருப்பவருக்குப் பணிப்பதிவேடு கிடையாது. தற்காலிகப் பணியாளருக்கு அதைத் திறப்பதில்லை. ஆகவே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்டதும் கேட்டதும்தான். இரண்டுமே சான்றொப்பம் இடப்படாதவை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஜவ்வாது மலையில் காவலூரைத் தாண்டி ஒரு மேட்டில் எங்கள் துறையின் மழையளவு நிலையம் இருந்தது. நான் அதன் நிர்வாக அலுவலர். நிலையத் தலைவர் பதவி காலியாக இருந்ததால் அந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். காலியான நாற்காலியின் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. அதன் ஜீப் மட்டும் வரவில்லை. ஆலங்காயத்தில் பஸ் ஏறி “கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸ்” என்றால் கண்டக்டர் யோசிக்காமல் நட்சத்திரம் பார்க்கும் இடத்துக்கு டிக்கெட் கிழிப்பார். “அவங்க மேல பாக்கறவங்க, நாங்க கீழ பாக்கறவங்க” என்று சடையன் ஒவ்வொரு முறையும் திருத்துவார். சடையன் எங்கள் அலுவலக உதவியாளர். பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். அலுவலகத்துக்கு வருமுன் ஊரில் மழைமானி பார்த்து அட்டையில் அளவு குறித்துக்கொண்டிருந்தவர். ஐம்பதை நெருங்கியும் சாமை அறுக்க விடுப்பு கேட்பவர்.

இருபது ஆண்டுகளாக மலையைச் சுற்றிய ஊர்களில் பெய்த மழையெல்லாம் தலைமையகத்தில் இருந்த ஒரு பெரிய இயந்திரத்தில் அங்குலத்தில் பதிவாகியிருந்தது. இனி எல்லாம் மில்லிமீட்டரில், புதிய படிவத்தில், எங்கள் நிலையத்துக்கு வந்திறங்கிய புதிய கணிப்பொறியில் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதற்குத் தலைமையகம் கண்டுபிடித்த வழி இது: அங்கே இருப்பதை எல்லாம் காகிதத்தில் அச்சடித்து, கட்டுக்கட்டாக லாரியில் மலைக்கு அனுப்புவது, இங்கே ஒருவர் அதைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வது. மூன்று ஆண்டு வேலை என்று மதிப்பிட்டு ஒரு தற்காலிகப் பணியிடம் வழங்கினார்கள். “மேற்படி பணி முடியும் வரை” என்பது ஆணையின் வாசகம். அரசில் இதைவிட நிரந்தரமான வாசகம் கிடையாது. அப்படிப்பட்ட பணிகளிலேயே ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் அவர் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். ஒரு தகரப் பெட்டி, ஒரு தண்ணீர்க் குடம். பேசும்போது ஒரு வாக்கியம் முடிந்ததும் வலது கைச் சுண்டுவிரல் மேசையை லேசாக அழுத்தும். விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் தட்ட வேண்டிய விசை அந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சேர்க்கைப் படிவத்தில் “அவசரத்துக்குத் தகவல் தர வேண்டியவர்” என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு ஏற்கத்தக்கதல்ல என்று திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு “நிலையப் பொறுப்பு அலுவலர்” என்று எழுதினார்.

“அது நான்தானேம்மா?”

“ஆமா சார். ஏதாவது ஆனா உங்களுக்குத்தான மொதல்ல தெரியும்.”

கூடாது என்று விதி இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

கணிப்பொறி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அலுவலகத்திலேயே குளிர்சாதன வசதி பெற்ற ஒரே ஊழியர் அந்த இயந்திரம். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு டாலர் குறி நிற்கும். இவர் ஒரு வரி தட்டுவார். சுண்டுவிரல் அழுத்தும். அடுத்த வரியில் மறுபடி டாலர் குறி வந்து நிற்கும். அவ்வளவுதான்.

“ஒண்ணும் ஆகலையே?” என்றேன் முதல் நாள்.

“ஆயிடுச்சு சார். சரியா முடிஞ்சா அது ஒண்ணும் சொல்லாது. தப்புன்னாதான் பேசும்.”

எங்கள் துறையும் அப்படித்தான். மெமோ வராத வரை நீங்கள் நன்றாக வேலை பார்க்கிறீர்கள் என்று பொருள். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மதிப்பு ஏற்பட்டது.

அவர் எழுதும் நிரல்கள் மிகச் சிறியவை. ‘ஆக்’ என்று ஒரு குட்டி மொழி. எந்த வரியில் என்ன இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் சொன்னால் போதும். எங்கள் அரசாணைகளும் இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு இன்னது செய்யப்படலாம் என்றுதான் சொல்லும்; ஒரே வேறுபாடு, இவர் எழுதியது உடனே செய்யப்பட்டுவிடும். நான்கு வரி, ஆறு வரி. பதினைந்து வரிக்கு மேல் போனால், “எனக்கு இன்னும் சரியா புரியலன்னு அர்த்தம்” என்று அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். அவற்றைப் பாழான மழை அட்டைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். சமையல் குறிப்பு என்று நினைத்துத் தட்டச்சர் ஒருமுறை இரவல் கேட்டிருக்கிறார்.

அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. “ஒரு தடவ கையால செய்யலாம் சார். ரெண்டாவது தடவையும் அதையே கையால செஞ்சா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

இதைச் சுறுசுறுப்பு என்று தொடக்கத்தில் எண்ணினேன். நோய் என்று புரிய நாளாயிற்று.

சடையன் காலையில் அவர் அறைக்குப் போவார். எந்தெந்த ஊரிலிருந்து மழை அட்டை வரவில்லை என்று இவர் பார்த்துப் பட்டியல் எழுதித் தருவார். பட்டியல் எழுத ஐந்து நிமிடம், பேச்சு அரைமணி. காட்டுப் பன்றி சாமைக்குள் இறங்கியது, மகளுக்கு ஒடுகத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை வந்தது, பலாப்பழம் எந்த மரத்தில் இனிப்பு என்பதெல்லாம். நடுவே இவர் சிரிக்கும் சத்தம் என் அறை வரை கேட்கும். நான்காம் நாள் இவர் மூன்று வரி எழுதினார். அதன்பின் காலை பத்தே காலுக்கு நடையில் இருந்த அச்சுப்பொறி தானாகக் கரகரவென்று பட்டியலைத் துப்பியது. சடையன் அதைக் கிழித்துக்கொண்டு, வராத அட்டைகளை வாங்கிவரச் சைக்கிளில் ஏறிவிடுவார்.

ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

“சடையன் லீவா சார்?”

“இல்லையே. தினமும் வர்றாரே.”

“என் ரூமுக்கு வர்றதில்ல.”

“பட்டியல்தான் தானா வருதே. எதுக்கு வருவார்?”

யோசித்தார். “ஆமால்ல” என்றார்.

“அந்த மூணு வரியை எடுத்துட்டாப் போச்சு.”

“எடுத்துட்டா நான் மறுபடி கையால எழுதணுமே சார். முடியுதுன்னு தெரிஞ்சப்புறம் எப்படி எழுதறது?”

தட்டச்சர் வாரம் இருமுறை ஸ்டென்சிலுக்கு விவரம் கேட்டு வந்துகொண்டிருந்தார்; அதற்கு ஐந்து வரி எழுதப்பட்டது, தட்டச்சரும் நின்றார். நான் புதன்கிழமைகளில் வாராந்திர அறிக்கைக்காகப் போவேன். வடக்கு சன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கும். உட்கார்ந்தால் கீழே ஆலங்காயம் வரை தெரியும். இரண்டாம் புதன் முடிந்ததும் அறிக்கை தானாகவே என் மேசைக்கு வரத் தொடங்கியது. பிறகு நான் போகவில்லை. போகக் காரணம் வேண்டும். தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண் ஊழியரின் அறைக்குக் காரணமில்லாமல் போவதற்கு எந்த விதியும் இடம் தருவதில்லை. விதிகளைவிடக் கண்டிப்பானது தட்டச்சரின் வாய். ஆக, வந்த இரண்டு மாதத்துக்குள் தன் அறைக்கு வரக்கூடிய எல்லாரையும் ஆளுக்கு நாலைந்து வரியில் நிறுத்திவிட்டார்.

“அந்தம்மா வேலய அந்தம்மாவே தின்னுட்டு கீது சார்” என்றார் சடையன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தோன்றியது.

காகிதக் கட்டுகளோடு, இணைப்பு என்ற பெயரில் பதினான்கு கறுப்புத் தகடுகளையும் தலைமையகம் அனுப்பியிருந்தது. கணிப்பொறித் தகடுகள் என்பதால் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பொருள் பதிவேட்டில் ஏற்றியிருந்தேன். காகிதத்தில் இருப்பதுதான் அவற்றிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தலைமையகத்துக்குத் தெரிந்திருக்கும்; ஆனால் காகிதத்தை அனுப்பியவர் ஒரு பிரிவு, தகட்டை அனுப்பியவர் வேறு பிரிவு. அச்சடித்ததை மறுபடி அடிக்க மூன்று ஆண்டு செலவழிக்கும் திட்டம் எங்கள் துறையில் ஒருவர் கண்ணுக்கும் உறுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் கண்ணையும் சேர்த்து.

அவர் அந்தத் தகடுகளைக் கேட்டார். தேவைப் பட்டியல் எழுதித் தரச் சொன்னேன். மூன்று பிரதிகளில் தந்தார். வழங்கினேன். அந்தக் கையெழுத்துக்காக இன்றுவரை என்னை நொந்துகொள்கிறேன்.

ஒன்பது நாள் கழித்து வந்தார். “சார், முடிஞ்சிடுச்சு.”

“எது?”

“எல்லாமே. இருபது வருஷமும். அதுல இருந்ததையே மாத்தி எடுத்துட்டேன். பதினொரு வரிதான் ஆச்சு.”

கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அதற்கும் தட்டச்சர் இருக்கிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“உக்காருங்கம்மா. உங்க ஆணைய படிச்சிருக்கீங்களா?”

“படிச்சேன் சார். பணி முடியும் வரை.”

“முடிஞ்சா?”

சுண்டுவிரல் மேசையை அழுத்தியது.

“இங்கேர்ந்து எங்க போவீங்க?”

அன்றுதான் கொஞ்சம் சொன்னார். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இந்த வேலையைக் கற்றவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வாணியம்பாடிக்கு வந்தவர். அம்மா போன பின் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். கம்பெனி அவருக்காகக் காத்திருக்கவில்லை.

“அண்ணன் வூடுதான் சார். மாடில ஒரு ரூம். வேர்க்கடல மூட்ட அடுக்கி வெச்சிருப்பாங்க. அண்ணி மூட்ட எடுக்க எந்நேரமும் வருவாங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நல்லவங்கதான். ஆனா அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா கெடையாது. இங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கு.”

ஒரு தாழ்ப்பாளுக்காக ஒருவர் மலையேறி வந்திருக்கிறார். எங்கள் குடியிருப்பு ஒதுக்கீட்டு விதிகளில் அது ஒரு வசதியாகக்கூடக் குறிப்பிடப்படவில்லை.

“அப்ப எதுக்கும்மா முடிச்சீங்க? தினம் நாலு பக்கம் டைப் அடிச்சுக்கிட்டு மூணு வருஷம் ஓட்டியிருக்கலாமே. யார் கேக்கப் போறா?”

“அடிச்சுப் பாத்தேன் சார். தகட்டுல எல்லாம் இருக்குன்னு தெரிஞ்சப்புறமும் ரெண்டு நாள் அடிச்சேன்.” முகம் கோணியது. “தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி அடிக்க வரல.”

அப்படியானால் இது நடைமுறை தெரிந்தவன் கவனிக்க வேண்டிய விஷயம். பணி முடிந்தது என்று யார் சொல்வது? ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எந்த நகலும் நகல் ஆகாது. இது நான் கண்டுபிடித்ததல்ல, அலுவலக நடைமுறை நூலில் உள்ளது. ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்க்க வேண்டும். காகிதக் கட்டுகள் அறுபதுக்கு மேல். எல்லா வரியையும் ஒப்பிட்டு முடித்த பிறகே பணி முடிந்ததாகக் கருதப்படும் என்று ஆணை பிறப்பித்தேன். வாசிப்பவர்: சடையன். என் கணிப்பில் நான்கு ஆண்டு. அவ்வளவு நிறைவோடு நான் எந்த ஆணையிலும் கையெழுத்திட்டதில்லை.

பதினொரு நாள் அந்த அறையில் இரண்டு குரல் கேட்டது. சடையன் மழைமானி பார்த்தவர் என்பதால் எண்ணை வெறும் எண்ணாக வாசிக்க மாட்டார்.

“பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். ரெண்டு புள்ளி நாலு ஒண்ணு… அட, இது நம்ம ஊருதான். இந்த மழ எனக்கு ஞாபகம் கீது. மானியாண்ட போனா மானிய காணோம், மேல பலா மரம் உழுந்து கெடக்கு.”

“அப்புறம் எப்படி அளந்தீங்க?”

“மரத்த வெட்டிட்டு அளந்தேன். சர்க்காரு வேலயாச்சே.”

“நெஜமாவா?”

“குத்துமதிப்பா போட்டேன்னு எழுதிக்காதம்மா. மெஷினு கேட்டுக்கப் போவுது.”

சிரிப்பு மறுபடி என் அறை வரை வந்தது. மதியம் சடையன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமைச் சோற்றை இருவரும் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் என் வாசலில் நின்றார். உடம்புக்கு வந்துவிட்டதைச் சொல்ல வந்தவர் போல நின்றார்.

“சார், ஒரு வழி தோணிடுச்சு.”

“வேணாம்மா.”

“தோணிடுச்சு சார்.”

காகிதத்தோடு ஒப்பிட வேண்டியதில்லையாம். தான் மாற்றியதை மறுபடி பழைய அங்குலத்துக்கு, பழைய படிவத்துக்குத் திருப்பி ஒரு நிரல் எழுதுவது. அப்படித் திரும்பி வந்ததையும் தலைமையகத் தகட்டில் இருப்பதையும் வரிக்கு வரி ஒப்பிட இயந்திரத்திடமே சொல்வது. போன வழியே வீடு திரும்ப முடிந்தால் வழி சரி. எட்டு வரி.

முதல் தடவை அது பேசியதாம். நான்கு வரிகளில் தவறு சொன்னது. ஒரு காலத்தில் யாரோ பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ அடித்திருந்தார்கள். எண்ணுக்கு நடுவே எழுத்தைக் கண்டதும் இயந்திரம் நிறுத்திக்கொண்டதால் அந்த நான்கு நாள் மழை பாதியில் அறுந்திருந்தது. அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினார்.

“இப்ப?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

மிச்சமிருந்த கட்டுகள் கட்டவிழாமலே பழையதாயின. சடையன் மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம், “படிச்சிக்கினே இருந்திருப்பேன் சார், எனக்கு இன்னா கஷ்டம்” என்றார்.

என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஆயுதம். மாதாந்திர முன்னேற்ற அறிக்கை. அதில் “முடிந்த பணி, விழுக்காட்டில்” என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்புவது நான். பதின்மூன்று என்று எழுதினேன். அடுத்த மாதம் பதினைந்து. முழுக்க முடிந்த ஒரு வேலையை மாதத்துக்கு இரண்டு விழுக்காடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டால் மூன்று ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய்யான அறிக்கை அனுப்பியதில் எனக்கு ஏற்பட்ட வருத்தம், அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது மட்டுமே. அவரிடம், “நீங்க பேசாம இருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றேன். தலையாட்டினார்.

அந்த நான்கு மாதம்தான் எனக்கு அவரைப் பற்றி அதிகம் நினைவிருக்கும் காலம். செய்ய ஒன்றுமில்லாமல் காலை பத்து முதல் மாலை வரை அந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருந்தார். விசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் டாலர் குறி நின்றுகொண்டிருக்கும். எதிரே இவர் உட்கார்ந்திருப்பார். இரண்டில் எது எதன் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. தபால் வண்டி வந்தால் எழுந்து வாசலுக்கு வருவார். அவருக்கு வருவதில்லை என்று தெரிந்தும் வருவார்.

ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். யாரும் கேட்காமலே அவர் எழுதிய நிரல் ஒன்று கொடுத்தது. இருபது ஆண்டுகளில் மலையிலும் மலையைச் சுற்றியும் இருந்த எல்லா ஊரிலும், ஒன்று விடாமல், ஒரே நாளில் மழை பெய்த நாட்கள். தாளில் ஒன்பது தேதிகள் இருந்தன.

“ஒம்போதே நாள்தான் சார் எல்லாரும் ஒண்ணா நனைஞ்சிருக்காங்க” என்றார்.

அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் அந்தத் தவறு நடந்தது. என் தவறு. கையெழுத்துக்கு வந்த கோப்பு அட்டைக்குள் ஏழெட்டுக் கடிதங்கள் இருந்தன. ஒன்றைப் படிக்காமல் கையெழுத்திட்டதில்லை என்பது என் பெருமை. ஆனால் இயந்திரம் அச்சடித்தவற்றைப் படிக்க வேண்டியதில்லை என்று நானும் அதற்குள் பழகியிருந்தேன். அவரிடமிருந்து வந்ததில் ஒரு நாளும் பிழை இருந்ததில்லை. அந்தத் தாளிலும் பிழை இல்லை. முன்னேற்ற அறிக்கை என்ற தலைப்பில், முடிந்த பணி நூறு விழுக்காடு, நிலுவை பூஜ்யம் என்று இருந்தது. அதன் கீழ் என் கையெழுத்து, முத்திரையோடு. அலுவலகப் பிரதியைக் கோப்பில் பார்த்தபோது தபால் பை ஆலங்காயம் தாண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பாராட்டத்தக்க வேகத்தில் பணியை முடித்தமைக்காக நிலையப் பொறுப்பு அலுவலருக்குப் பாராட்டு. பணி முடிந்துவிட்டபடியால் மேற்படி தற்காலிகப் பணியிடம் அடுத்த மாதக் கடைசியோடு ஒப்படைக்கப்பட வேண்டும். நான் சும்மா இருக்கவில்லை. இனி வரும் மழையைப் பதிய ஓர் இடம் தேவை என்று கருத்துரு அனுப்பினேன்; நினைவூட்டு அனுப்பினேன். இயந்திரம் இவ்வளவு விரைவாக வேலை செய்யும் நிலையில் கூடுதல் ஆள் தேவைப்படும் காரணம் விளங்கவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்த வேகம் யாருடையது என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஆணையை அவரிடம் கொடுத்தபோது படித்துவிட்டு மடித்தார்.

“அந்த அறிக்கைய நீங்கதான் அடிச்சீங்களா?” என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

“நான் அடிக்கல சார். மாசா மாசம் அடிக்க வேண்டியதாச்சே, அதுக்கு ஒண்ணு எழுதி வெச்சேன். எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு அதுவே எண்ணிப் போட்டுக்கும்.”

“அது உண்மையப் போடும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“நான் என்ன எழுதிட்டு இருந்தேன்னு தெரியுமா?”

“ஃபைல்ல காப்பி இருந்துச்சு. பதிமூணு, பதினஞ்சு, பதினேழு, பத்தொம்பது.” சுண்டுவிரல் மேசைமேல் இருந்தது, அழுத்தவில்லை. “நாலாவது மாசம் நீங்க அத எழுதறப்ப நான் கதவாண்ட நின்னுட்டிருந்தேன் சார். பேனாவ மூடி மூடித் தொறந்தீங்க. இன்னும் மூணு வருஷம் மாசா மாசம் அத எழுதணும். எனக்காக. அந்த வேலய உங்ககிட்டேர்ந்து எடுத்துடணும்னு தோணிச்சு.”

“தாழ்ப்பாள்?” என்றேன்.

“அண்ணன்கிட்ட சொல்லி ஒண்ணு போட்டுக்கறேன். ஒரு தடவ போட்டா போதும் இல்ல சார்.”

போட்டுக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

மாதக் கடைசி நாள் விடுவிப்பு ஆணை எழுத வேண்டும். ஒரு பணியாளரை முற்பகலில் விடுவிக்கலாம், அல்லது பிற்பகலில் விடுவிக்கலாம். முற்பகல் என்றால் அந்த நாள் அவருடையதல்ல. பிற்பகல் என்றால் அந்த நாள் முழுவதும் அவர் பணியில் இருந்தார். அவர் போக வேண்டிய பஸ் காலை பத்தரைக்கு. மாலை வண்டி அந்த வாரம் ஓடவில்லை. பத்தரைக்குப் போகிறவரை முற்பகலில்தான் விடுவிக்க வேண்டும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. தட்டச்சரைக் கூப்பிடாமல் நானே கையால் எழுதினேன். “இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.”

வாங்கிப் படித்தார். எதையும் படிக்காமல் கையெழுத்திடமாட்டார்.

“தப்பா போட்டுட்டீங்க சார். இப்பவே போறேன்ல.”

“சரியாத்தாம்மா போட்டிருக்கேன்.”

என்னைப் பார்த்தார். பிறகு பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டார். சடையன் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். இவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னே போனார். பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. நான் எழுந்து பார்க்கவில்லை.

சடையன் திரும்பி வந்து, “அந்தம்மா ரூம பூட்டிடட்டுமா சார்?” என்றார்.

“வேணாம். ஆபீஸ் நேரம் முடியட்டும்.”

“உள்ள யாரும் இல்லியே.”

“இருக்காங்க. ஆணையப் பாரு.”

அவர் ஆணையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் அந்தக் கதவுக்கு வெளியே, செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நானும் எழுந்து போனேன். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். காரணம் எதுவும் தேவைப்படவில்லை. தட்டச்சர் இரண்டு முறை நடையில் போய் வந்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிவேட்டின்படி அன்று மாலை ஐந்தே முக்கால் வரை அவர் பணியில் இருந்தார். ஐந்தே முக்காலுக்குச் சடையன் எழுந்து கதவைப் பூட்டினார்.